பூட்டிய திரையில் தெரிந்த வரி

எங்கள் அலுவலகத்தில் ஆண்டு மலர் ஒன்று போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு அனுபவம் எழுதித் தர வேண்டுமாம். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் போன் செய்தார். "சார், நீங்க காமெடியா ஏதாவது எழுதுங்க. உங்க பேரச் சொன்னாலே இங்க எல்லாரும் சிரிக்கிறாங்க" என்றார். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். புதுக் கம்ப்யூட்டர்கள் வந்திறங்கிவிட்டன. திரையைப் பூட்டிவைத்தால் மெயில் எதுவும் வெளியே தெரியாதபடி மெயின்லேண்டிலேயே அமைத்து அனுப்பிவிட்டார்கள். "நமக்கு அந்த வேலையே மிச்சம் சார்" என்று சந்தோஷப்பட்டார்.

நல்லது என்று சொல்லிப் போனை வைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். காமெடி வரவில்லை. வந்தது இதுதான். மலரில் போடமாட்டார்கள். போடாவிட்டால் போகட்டும்.

என் பெயர் முருகேசன். அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்து ஹேடோ துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நான் பேனா பிடிக்க வேண்டும் என்று பிடிவாதமாகப் படிக்கவைத்தார். கிளார்க்காகச் சேர்ந்தேன். டைப்ரைட்டர்கள் போய்க் கம்ப்யூட்டர்கள் வரப்போகின்றன, சென்னையில் ஆறு மாதப் பயிற்சி, யார் போகிறீர்கள் என்று கேட்டார்கள். கப்பலில் மூன்று நாள் வாந்தி எடுக்க யாரும் தயாராக இல்லை. நான் கை தூக்கினேன். திரும்பி வந்தபோது 'சிஸ்டம் முருகேசன்' ஆகியிருந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. அங்கே கற்றதில் முக்கால்வாசி ஐந்து வருடத்தில் செல்லாமல் போய்விட்டது.

எங்கள் அலுவலகம் தீவுகளுக்கு இடையே ஓடும் போட்டுகளின் நேரத்தைப் பார்த்துக்கொள்வது. எந்த போட் எத்தனை மணிக்கு, எது ரத்து, எதில் யார் பெயர் என்பதெல்லாம் எங்கள் ஹாலில் இருந்த இருபத்திரண்டு மேசைகள் வழியாகத்தான் போய்வரும். அப்போதெல்லாம் இணையம் சாட்டிலைட் வழியாக வந்தது. வந்தது என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். மெயில் பெட்டியை ஒரு தடவை மூடிவிட்டால் மறுபடி திறக்க அரை மணி நேரம் ஆகும். அதனால் காலையில் திறந்த பெட்டியை மாலை வரை யாரும் மூடமாட்டோம். சாப்பிடப் போனாலும் டீ குடிக்கப் போனாலும் திரையை மட்டும் பூட்டிவிட்டுப் போவோம்.

ஒரு மழைக்காலத்தில் அப்படித்தான் ஒருவர் திரையைப் பூட்டிவிட்டு டீக்குப் போனார். கடல் சரியில்லை, ஹட்பே போகும் கப்பல் ரத்து என்று துறைமுகத்திலிருந்து மெயில் வந்தது. பூட்டிய திரைக்குள் அது ஒரு மணி நேரம் கிடந்தது. கப்பல் ஏறும் ஜெட்டியில் ஜனங்கள் மூட்டை முடிச்சோடும் கைக்குழந்தைகளோடும் கொட்டுகிற மழையில் நின்றுகொண்டிருந்தார்கள். நிறைமாதப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். மேலிடத்திலிருந்து எங்கள் அதிகாரி மண்டல் சாபுக்குத் தாறுமாறாகத் திட்டு விழுந்தது.

மண்டல் சாபைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிக்லிபூர் பக்கத்து வங்காளிக் குடும்பம். அரைக்கை வெள்ளைச் சட்டை, பச்சை மைப் பேனா. சத்தம் போட்டு யாரையும் திட்டியதில்லை. தப்புச் செய்தவன் மேசைக்குப் பின்னால் வந்து இரண்டு நிமிடம் சும்மா நிற்பார். அவனுக்கு முதுகில் சட்டை நனைந்துவிடும். பிறகு போய்விடுவார். வாயால் சொன்ன எதையும் ஏற்கமாட்டார். தலைவலி, வீட்டுக்குப் போகிறேன் என்றால்கூட, "ஜுபானி நஹி. காகஸ் லாவோ" என்பார். பேச்செல்லாம் வேண்டாம், காகிதத்தில் கொண்டுவா என்று அர்த்தம். அந்த இரண்டு வாக்கியங்களை நான் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவேன். கேண்டீனே சிரிக்கும்.

அந்த ஹட்பே விவகாரத்துக்கு அடுத்த நாள் பச்சை மையில் ஓர் உத்தரவு வந்தது. இனிமேல் எந்தத் திரையைப் பூட்டினாலும் அனுப்பியவர் பெயரும் மெயிலின் முதல் வரியும் மேலே தெரிய வேண்டும். மானிட்டரை அணைக்கக் கூடாது, மெயில் பெட்டியை மூடக் கூடாது. அந்தப் பக்கமாகப் போகிறவர் யாராக இருந்தாலும் வந்திருக்கும் மெயிலைச் சம்பந்தப்பட்டவருக்குக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஆள் இடத்தில் இல்லாவிட்டால் செக்‌ஷன் தலைவர் காதில் விழும்படி வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

நான் இருபத்திரண்டு மேசைக்கும் போய் ஒவ்வொரு மெஷினிலும் உட்கார்ந்தேன். செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் நோட்டிஃபிகேஷன். 'லாக் ஸ்கிரீனில் காட்டு' என்ற கட்டத்தில் டிக். கீழே இறங்கி மெயிலுக்கு மட்டும் 'உள்ளடக்கத்தை மறை' என்றிருப்பதில் டிக்கை எடுத்துவிட வேண்டும். பிறகு திரையைப் பூட்டி, என் மெஷினிலிருந்து ஒரு சோதனை மெயில் அனுப்பி, முதல் வரி தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் அந்தப் பக்கத்தையே யாரும் தொடமுடியாதபடி என் பாஸ்வேர்டால் அடைத்துவிடுவேன். ஒரு மெஷினுக்கு எட்டு நிமிடம் ஆனது.

யாராவது அதை மாற்றக் கேட்டால் என்ன செய்வது என்று உத்தரவில் இல்லை. நானே ஒரு ஃபார்ம் தயாரித்தேன். விண்ணப்பிப்பவர் பெயர், காரணம், செக்‌ஷன் தலைவர் கையெழுத்து, மண்டல் சாப் கையெழுத்து, கடைசியில் என் ரிஜிஸ்டர் எண். மண்டல் சாப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவர் தலையை ஆட்டியது எனக்கு மெடல் வாங்கிய மாதிரி இருந்தது. அந்த ஃபார்மைத் தயாரிக்கச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை, எந்த உத்தரவும் அதைக் கட்டாயம் ஆக்கவில்லை. இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும், இப்போது சொல்கிறேன்.

கூப்பிட்டுச் சொல்லும் வழக்கம் எங்கள் ஹாலில் சீக்கிரமே ஊறிவிட்டது. அதற்கு உயிர் கொடுத்தவர் அப்பலம்மா. தெலுங்குக்காரர், தபால் எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போகிற அட்டெண்டர். ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவர். பூட்டிய திரைகளில் வரும் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்தே அவருக்கு ஆங்கிலம் வந்துவிட்டது. அதில் அவருக்கு அவ்வளவு பெருமை. அவரால் எத்தனையோ ரத்துச் செய்திகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு தடவை ஒருவருக்குப் பெண் வீட்டிலிருந்து 'ஜாதகம் பொருந்தவில்லை' என்று வந்ததை அவர் ஹால் முழுக்கக் கேட்கும்படி படித்துவிட்டார். அந்த மனுஷனை நான் ஒரு மாதம் விடவில்லை. அவர் மேசையைக் கடக்கும்போதெல்லாம், "பொருத்தம் எப்படிண்ணே?" என்பேன். அவரும் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார்?

பிறகு கடலடிக் கேபிள் வந்தது. மெயில் பெட்டி கண் மூடித் திறப்பதற்குள் திறந்தது. பெட்டியைத் திறந்தே வைத்துத் திரையை மட்டும் பூட்டிவிட்டுப் போக வேண்டிய தேவையே இல்லை. ரத்துச் செய்திகளும் செல்போனுக்கே வரத் தொடங்கின. உத்தரவுக்கான காரணம் போய்விட்டது, உத்தரவு மட்டும் இருந்தது. அதை எடுக்கச் சொல்லி மண்டல் சாபிடம் ஒரு குறிப்பு எழுதியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

தேவிகா வந்தது அந்தச் சமயத்தில்தான். ஒப்பந்தத்தில் வந்த டேட்டா என்ட்ரி ஊழியர். சிலோன் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். பம்பூஃப்ளாட்டில் சித்தி வீட்டில் தங்கி, தினமும் சாத்தம் வரை ஃபெர்ரியில் வந்து, அங்கிருந்து நடந்து வருவாள். இருபத்தாறு வயது இருக்கும். வேலையில் ஒரு பிழை வராது. வருடா வருடம் மார்ச்சில் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் குறிப்பு எழுதுகிறவர் அவளுடைய செக்‌ஷன் தலைவர் ராஜரத்தினம்.

ராஜரத்தினமும் நானும் பதினெட்டு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். கோயில் திருவிழா என்றால் முன்னால் நிற்பார். யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாய்ப் போய் பந்தலுக்கு ஆள் பிடிப்பார். நல்ல மனிதர் என்றுதான் தீவே சொல்லும். தேவிகாவை மட்டும் ரெக்கார்டு ரூமுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அனுப்புவதை நானும் பார்த்திருக்கிறேன். திரும்பி வரும்போது அவள் துப்பட்டாவை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டு வருவதையும் பார்த்திருக்கிறேன். பார்த்ததை மனசுக்குள்ளேயே வேறு பக்கம் தள்ளிவைத்தேன். அப்படித் தள்ளிவைக்க எனக்கு நன்றாக வரும்.

ஒருநாள் பத்தரை மணி வாக்கில் என் அறைக் கதவைத் தட்டினாள்.

"அண்ணே, ஒரு விசயம். மெசினை லாக் பண்ணி வச்சா மெயில் மேல தெரியுதே, என்னோடத மட்டும் தெரியாம ஆக்க ஏலுமா?"

"ஏன், அப்படி என்ன ரகசியம்? லவ் லெட்டர் ஏதும் வருதா?" என்றேன்.

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "ரெண்டு வாரத்துக்கு மட்டும் போதும் அண்ணே" என்றாள்.

"ரெண்டு வாரமோ ரெண்டு நாளோ, ஃபார்ம் ஃபார்ம்தாம்மா." மேசை இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினேன். "ராஜரத்தினம் சார்ட்ட ஒரு கையெழுத்து, மண்டல் சாப்ட்ட ஒரு கையெழுத்து. வாங்கிட்டு வா. ரெண்டு நிமிச வேலை, முடிச்சுத் தாரேன்."

அவள் ஃபார்மைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அவர்கிட்டதான் வாங்கணுமா? நேரா பெரிய சார்கிட்டப் போனா?"

"செக்‌ஷன் இன்சார்ஜ் கையெழுத்து இல்லாம மண்டல் சாப் காகிதத்தத் தொடுவாரா? உனக்குத் தெரியாததா?" அதோடு நிறுத்தியிருக்கலாம். மண்டல் சாப் குரலில், "ஜுபானி நஹி, காகஸ் லாவோ" என்றும் சொல்லிக் காட்டினேன்.

"விளங்குது அண்ணே" என்றாள். ஃபார்மை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். கதவு வரை போனவள் திரும்பி, "நீங்க ஒருக்கா, சும்மா..." என்று ஆரம்பித்தாள். போன் அடித்தது. எடுத்துப் பேசினேன். வைத்துவிட்டுப் பார்த்தபோது அவள் இல்லை.

யார் கையெழுத்தும் இல்லாமல் அதை நான் செய்திருக்க முடியும். பாஸ்வேர்டு என்னிடம்தான் இருந்தது. அவள் மேசைக்குப் போய் உட்கார்ந்து ஒரு டிக்கைப் போட்டால் போதும். கேட்டவள் ஏன் கேட்கிறாள், ஏன் அந்த ஒரு கையெழுத்தை மட்டும் வேண்டாம் என்கிறாள் என்று யோசிக்க எனக்கு அரை நிமிடம் போதும். யோசிக்கவில்லை.

எட்டாம் நாள் அந்த மெயில் வந்தது. நான் அப்போது ஹாலில் ஒரு பிரிண்டரைத் திறந்து வைத்துக்கொண்டு மாட்டிய காகிதத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். தேவிகாவை ராஜரத்தினம் ஜெட்டி அலுவலகத்துக்குப் பயணிகள் பட்டியல் வாங்கிவர அனுப்பியிருந்தார். பழைய சாட்டிலைட் காலமாக இருந்தால் முக்கால்வாசி மெயில் காலையில் மொத்தமாக வந்து விழும். அவள் முன்கூட்டியே வந்து பார்த்துக்கொண்டிருப்பாள். கேபிள் வந்தபிறகு மெயிலுக்கு நேரம் காலம் கிடையாது.

"தேவிகா! அரே தேவிகா, தேரா மெயில் ஆயா!" என்று, அவளுக்கு மெயில் வந்திருப்பதை அப்பலம்மா இந்தியில் கூப்பிட்டுச் சொன்னார். ஆள் இல்லை. உத்தரவுப்படி ராஜரத்தினத்தின் கண்ணாடி அறைப் பக்கம் திரும்பி, வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக.

"கம்ப்ளெயின்ட்... அகெய்ன்ஸ்ட்... ஸ்ரீ... ராஜ... ரத்தினம்..."

பெயர் வந்ததும் குரல் தயங்கியது. ஆனால் ஆரம்பித்ததை முடித்துப் பழகியவர் அவர். "சூப்பரின்டென்டென்ட். ஹியரிங்" என்று முடித்தார்.

பெண் ஊழியர்கள் புகார் கொடுக்க ஒரு குழு உண்டு. அதன் பதில் அது. புகார் ரகசியமாக இருக்க வேண்டும் என்று சுவரில் போஸ்டர் ஒட்டுகிற குழுதான், யார் மீது புகார் என்பதைத் முதல் வரியிலேயே எழுதி அனுப்பியிருந்தது. அந்த அறிவைப் பற்றி நான் என்ன சொல்ல? என் யோக்கியதை தெரிந்தபிறகு சொல்ல வாய் இல்லை.

 ராஜரத்தினம் அறையிலிருந்து வெளியே வந்தார். தேவிகாவின் மேசைக்கு வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குனிந்து அந்த வரியைத் தானே ஒருமுறை படித்தார். பிறகு யாரையும் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்பலம்மா என் பக்கத்தில் வந்து நின்றார்.  "முருகேசன் பாய், மைனே கலத் பட் தியா க்யா?" என்று கேட்டார். தான் தப்பாகப் படித்திருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. நான் பிரிண்டருக்குள் கையை விட்டபடியே இல்லை என்று தலையாட்டினேன்.

தேவிகா அரை மணி நேரத்தில் வந்தாள். இருபது பேரும் ஒரே நேரத்தில் தங்கள் திரையைப் பார்க்கத் தொடங்கினோம். அவள் மேசைக்குப் போனாள். திரையைப் பார்த்தாள். நின்ற வாக்கில் நாற்காலியின் முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து, கொண்டுவந்த பட்டியலைப் பெயர் பெயராகப் பதிவு செய்தாள். ஒரு மணிக்கு அனுப்ப வேண்டிய பட்டியல் அது, ஒரு மணிக்கே போனது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. தேவிகாவுக்கு ஆதரவாகச் சொல்கிறோம் என்று ஒத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் பின்வாங்கினார்கள். ஹால் முழுக்கத் தெரிந்தபிறகு எங்கள் வீட்டில் விடமாட்டார்கள் என்றார்கள். அவர்கள் பெயரை நான் எழுதமாட்டேன், அவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ராஜரத்தினம் குழுவுக்கு நாலு பக்கத்தில் பதில் கொடுத்தார். தன்னைக் கேவலப்படுத்த வேண்டும் என்றே அந்தப் பெண் மெயிலை எல்லோர் கண்ணிலும் படும்படி திறந்துபோட்டுவிட்டுப் போயிருக்கிறாள், ரகசியத்தை உடைத்தது அவள்தான், இவளுடைய நோக்கமே அவதூறுதான் என்று அதில் இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டில் என்னிடமும் சொன்னார். "முருகேசா, அந்தப் புள்ள வேணும்னேதான் வச்சிட்டுப் போயிருக்கு. நீ சிஸ்டம் ஆளு, ஒனக்குத் தெரியாததா?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவள் முன்னமே வந்து மறைக்கச் சொன்னாள், உங்கள் கையெழுத்துக்காகத்தான் திரும்பிப் போனாள் என்று அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். "மோர் இருக்கா?" என்று கேட்டேன். அடுத்த நாளிலிருந்து அவருடன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். அது வீரம் இல்லை, அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

குழு என்னைக் கூப்பிட்டது. முந்தின நாள் மண்டல் சாப் என் அறைக்கு வந்தார். வழக்கம்போல நாற்காலிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றார். "ஜித்னா பூச்சே, உத்னா ஹி போல்னா" என்றார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல். அவர் பங்குக்கு அவருக்கும் பயம் இருந்தது. பச்சை மை உத்தரவு அவருடையது, கேபிள் வந்தபிறகும் அது எதற்கு இருந்தது என்று யாராவது கேட்டால் அவரிடம் காகிதம் இல்லை. எனக்கோ ஓய்வு பெற ஒன்றரை வருடம் பாக்கி. வாய்மொழியாகக் கேட்டாள் என்று ஒத்துக்கொண்டால் அடுத்த கேள்வி, ஏன் செய்யவில்லை என்பது. ஃபார்ம் என்பேன். எந்த உத்தரவுப்படி அந்த ஃபார்ம் என்பார்கள். ராத்திரியெல்லாம் அந்தக் கேள்விகளுக்கே பதில் தேடிக்கொண்டிருந்தேன். தேவிகாவைப் பற்றி யோசித்தேனா என்றால், இல்லை.

குழுவின் தலைவி ஒரு வயதான அம்மாள். மலையாளி, கனிவாகப் பேசினார். மேசையின் அந்தப் பக்கம் ராஜரத்தினம். இந்தப் பக்கம் தேவிகா, மடியில் பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. நடுவில் நான், என் ரிஜிஸ்டரோடு.

பூட்டிய திரையில் மெயில் தெரிவது எப்படி என்று கேட்டார். விளக்கினேன். ஊழியர்கள் தாங்களே அதை மாற்ற முடியுமா என்று கேட்டார். முடியாது, ஃபார்ம் கொடுக்க வேண்டும் என்றேன்.

"இவங்க ஃபார்ம் குடுத்தாங்களா?"

ரிஜிஸ்டரைத் திறந்தேன். பக்கத்தைத் தேடுவதுபோலப் புரட்டினேன். தேடுவதற்கு அதில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். "எழுத்துல எதுவும் வரல மேடம்" என்றேன்.

நான் சொன்னது பொய் இல்லை. அதைத்தான் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குள் சொல்லிக்கொண்டு போனேன்.

அந்த அம்மாளுக்கு ஏதோ தட்டியிருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றினார். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு தேவிகா பக்கம் திரும்பினார். "எழுதிக் கொடுக்கல. சரி. வாயால கேட்டியாம்மா? இந்த மெயிலை மறைக்கணும்னு இவர்கிட்ட நீ எப்பவாவது கேட்டியா? யோசிச்சுச் சொல்லு, இது முக்கியம்" என்று இந்தியில் கேட்டார்.

தேவிகா அவரிடமிருந்து கண்ணை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். நான் ரிஜிஸ்டரில் கண்ணை வைத்திருந்தேன், ஆனாலும் அவள் பார்ப்பது தெரிந்தது.  இதோ சொல்லிவிடப் போகிறாள் என்று ரிஜிஸ்டரின் பக்கத்தை இன்னொரு தடவை புரட்டினேன். சொல்லிவிட்டால் நல்லது என்று மனசின் ஒரு மூலையில் தோன்றியது என்று எழுதிக்கொள்ள எனக்கு ஆசைதான். தோன்றவில்லை.

"நஹி மேடம்" என்றாள். "கேக்கல."

குழுவின் அறிக்கை ஒரு மாதத்தில் வந்தது. சாட்சி இல்லாததால் புகார் நிரூபணமாகவில்லை. ரகசியம் காப்பதில் புகார்தாரர் அக்கறை காட்டவில்லை. மார்ச்சில் அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ராஜரத்தினம் அடுத்த வருடம் சால்வை, மாலையோடு ஓய்வு பெற்றார். அறிக்கை வந்த மறுநாளே பூட்டிய திரையில் எதுவும் தெரியக் கூடாது என்று மண்டல் சாப் பச்சை மையில் எழுதிக் கொடுத்தார். இருபத்திரண்டு மெஷினிலும் அன்றே மறைத்தேன். தேவிகாவின் மெஷினுக்கும் போனேன். இரண்டு நிமிடம்தான் ஆனது. அப்பலம்மா அதற்குப் பிறகு எந்தத் திரையையும் படிக்கவில்லை. தபாலை மேசையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்.

அவள் கச்சாலுக்கே திரும்பிப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். கடைசி நாள் சாமானை எடுத்துக்கொண்டு அவள் போனபின் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஆட்டோ பிடித்து சாத்தம் ஜெட்டிக்குப் போனேன். ஃபெர்ரிக்காகக் கூட்டத்தோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாங்க அண்ணே" என்றாள். வீட்டுக்கு வந்தவரைக் கூப்பிடுவது போலவே சொன்னாள்.

என்னென்னவோ பேச நினைத்துப் போனேன். வாயில் வந்தது ஒன்றுதான். "அன்னிக்கு ஏம்மா கேக்கலன்னு சொன்ன?"

அவள் தண்ணீரைப் பார்த்தாள். கோபமாகச் சொல்லவில்லை, கணக்கு விளக்குவது போலச் சொன்னாள்.

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் அண்ணே. நீங்க நிமிரவே இல்ல. நான் கேட்டேன்னு சொன்னா அந்தம்மா ஒங்ககிட்டத் திரும்பி, உண்மையான்னு கேப்பாங்க. நீங்க இல்லைன்னு சொல்லுவீங்க. அவர் செஞ்சத எல்லாம் தாங்கிட்டேன். நீங்க இல்லைன்னு சொல்றத மட்டும் கேட்டுக்கிட்டு அந்த ரூமுல உக்கார என்னால ஏலாது அண்ணே."

ஃபெர்ரி வந்து நின்றது. ஜனங்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறினாள். இல்லைன்னு சொல்லியிருக்க மாட்டேன் தேவிகா என்று பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொல்ல வாயைத் திறந்தேன். அது உண்மைதானா என்று எனக்குத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.